பிட்ச் என்பது எத்தனை பிட்ச்?

டர்னர் மாணவன்:
ஐடிஐயில் டர்னர் (லேத்தில் கடைசல் வேலை) முதல் வருடம் படிக்கிறேன். திருகுப் புரியில் பிட்ச் என்றால் பக்கத்துப் பக்கத்துப் புரிகளுக்கு இடையே உள்ள தூரம் என்று சார் சொல்லிக் கொடுத்தார், பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்ததால் அது நம்ம பழைய புரியிடைத் தூரம்தான் என்று உடனே பிடிபட்டுவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்தால் அக்காவுக்குப் பிட்ச் என்றால் சுருதி. கிரிக்கெட்டில் அது ஆடுகளம். ஆரல்வாய்மொழியில் காற்றாலை வேலை பார்க்கும் மாமா "பிட்ச் மோட்டார் போயிடுச்சு" என்கிறார். இதெல்லாம் ஒரே வார்த்தையா, இல்லை எழுத்து மட்டும் ஒன்றா? ஏதாவது ஒரு நூல் பிடித்துப் புரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

பட்டறைக்காரர்:
தம்பி, உன் டிரேடில் அதைத் தூரம் என்றே மனதில் வை, குழப்பமே வராது. புத்தகத்தைவிட கை சொல்லிக் கொடுக்கும். பைக் கண்ணாடி மாட்டும் எம்10 போல்ட், அதாவது 10 மி.மீ. தடிமன் போல்ட், பல வண்டிகளில் 1.25 மி.மீ. பிட்ச், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எம்10 நட் 1.5 மி.மீ. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, மாட்டினால் இரண்டு மூன்று சுற்று போய் இறுகிக்கொள்ளும், அங்கே ஸ்பேனர் போட்டு அழுத்தினால் புரி போச்சு. அதனால்தான் பிட்ச் கேஜ், ஒவ்வொரு பிட்சுக்கும் ஒன்றாகப் பல் வெட்டிய தகடுகளின் கட்டு. தகட்டைப் புரிமேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடி, பல்லுக்கும் புரிக்கும் நடுவில் ஒளி கசிந்தால் அந்தத் தகடு இல்லை, அடுத்ததை எடு. அப்புறம் பழைய இங்கிலீஷ் மிஷின்களில் விட்வொர்த் புரி வரும், அதில் பிட்ச் என்று எழுதியிருக்க மாட்டார்கள், அங்குலத்துக்கு எத்தனை புரி என்றுதான் இருக்கும். 16 என்றால் 25.4-ஐ 16-ஆல் வகுத்துக்கொள், 1.5875 மி.மீ.

சொல்லாய்வில் ஆர்வமுள்ளவர்:
உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்த்தால், ஆங்கிலத்தில் இரண்டு தனித்தனிச் சொற்கள் ஒரே எழுத்தில் ஓடுகின்றன. ஒன்று கீல், கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்குமே, அது. லத்தீனிலிருந்து வந்தது, மற்றதோடு எந்த உறவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் இந்தக் கீலைப் புனலில் ஊற்றி வைத்தார்கள். தட்டினால் கண்ணாடி மாதிரி உடையும், ஆனால் அதுவும் திரவம்தான் என்று காட்டுவதற்காக. ஒன்பதாவது சொட்டு விழுந்தபோது வருடம் 2014!

மற்றச் சொல்லின் அடி "குத்தி நிறுத்து, நடு" என்பது. கூடாரம் அடிப்பதற்கும் அதே வினைதான். கிரிக்கெட் விதிகளில் இன்றும் விக்கெட்டைப் பிட்ச் செய்வது என்றே எழுதியிருக்கிறது, ஸ்டம்பை நட்ட இடங்களுக்கு நடுவே இருக்கும் 22 கஜமும் அதனால் பிட்ச் ஆனது. பந்து தரையில் குத்துவதும் பிட்ச்தான், லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனால் எல்பிடபிள்யூ கிடையாது என்கிறோமே, அது இடம் இல்லை, செயல். இங்கிலாந்தில் கால்பந்து மைதானம் முழுவதையுமே பிட்ச் என்பார்கள்.

பாட்டு டீச்சர்:
அக்கா சொல்வதில் ஒரு திருத்தம் வேண்டும். மேற்கத்திய இசையில் பிட்ச் என்றால் ஒரு ஸ்வரத்தின் ஏற்ற இறக்கம், அதிர்வெண்ணைப் பொறுத்தது, அங்கே "ஏ" என்றால் 440 ஹெர்ட்ஸ் என்று பொதுவாக நிர்ணயித்தே வைத்திருக்கிறார்கள். நமக்கு அப்படி நிலையான ஸட்ஜம், அதாவது "ஸ", கிடையாது. ஒரு கட்டையில் பாடுகிறவருக்கு ஸட்ஜம் ஓர் அதிர்வெண்ணில் இருக்கும், ஐந்து கட்டையில் பாடுகிறவருக்கு வேறு. சுருதி என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த ஆதார ஸட்ஜத்தை. பிட்ச் என்றால் சுருதி என்று மட்டும் பிடித்துக்கொண்டால் மேற்கத்திய இசைப் புத்தகம் படிக்கும்போது தடுக்கும்.

கப்பல் இன்ஜினியர்:
தம்பி கேட்ட நூல் மாமாவிடமும் உன் லேத்திலும்தான் இருக்கிறது. கப்பல் புரொப்பெல்லரைத் தண்ணீரில் போகும் ஒரு பெரிய திருகாக நினைத்துப் பார், வழுக்கலே இல்லாவிட்டால் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னே போகுமோ அதுதான் அதன் பிட்ச். உன் திருகிலும் ஒரு சுற்றுக்கு அதே கணக்குதானே? இப்போது இலையின் சாய்வைக் கூட்டினால் அந்தத் தூரமும் கூடும். அதனால் சிலர் தூரத்தைச் சொல்கிறார்கள், சிலர் கோணத்தைச் சொல்கிறார்கள், விஷயம் ஒன்றுதான். காற்றாலையில் கோணம். ஒவ்வொரு இலையின் அடியிலும் இருக்கும் மோட்டார் இலையைத் திருப்பும், காற்று அளவுக்கு மீறினால் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி திருப்பிவிடும், சக்கரம் நின்றுவிடும். அந்த மோட்டார் போனால் மாமா ஏன் பதறுகிறார் என்று இப்போது தெரியும்.

ஆனால் அலையில் கப்பலின் மூக்கு ஏறி இறங்குவதும் பிட்ச்தான், விமானத்திலும் அப்படியே. அதை இந்தக் கணக்கோடு சேர்க்காதே.

டர்னர் மாணவன்:
ரொம்ப நன்றி அண்ணா, டீச்சருக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். ஒரு சுற்றுக்குப் போகும் தூரம்தான் பிட்ச் என்று பரீட்சையில் எழுதினால் சரிதானே?

பட்டறைக்காரர்:
ஒற்றைப் புரிக்கு மட்டும் சரி. ஒரு சுற்றுக்குப் போகும் தூரத்துக்கு லீட் என்று பெயர். இரண்டு புரிகள் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்து சுற்றி ஓடும் இரட்டைப் புரியில் பிட்ச் 2 மி.மீ. என்றால் லீட் 4 மி.மீ. கேஜ் காட்டுவது 2, லேத்தில் கியர் செட் பண்ண வேண்டியது 4. முதல் புரியை வெட்டி முடித்துவிட்டு ஜாபை, அதாவது வெட்டுகிற துண்டை, அரைச் சுற்றுத் திருப்பி அடுத்ததை வெட்டு. கேஜைப் பார்த்து 2-க்கே கியர் போட்டால் ஒற்றைப் புரிதான் கிடைக்கும், ஜாப் ஸ்கிராப்புக்குப் போகும்.