பள்ளி சாராமல் ஊர் அளவில் சாரணர் படை தொடங்க முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி:
வணக்கம். திருவாரூருக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் மூன்று பள்ளிகளில் ஒன்றில்கூடச் சாரணர் படை இல்லை. ஊருக்கென்று ஒரு படை தொடங்கலாமே என்று பேச்செடுத்தவுடன் பத்து வயதைத் தாண்டிய 38 பிள்ளைகள், பெண் பிள்ளைகள் உட்பட, பெயர் கொடுத்துவிட்டார்கள். சீருடைக்கு நன்கொடை தரவும் ஒருவர் முன்வந்திருக்கிறார். பள்ளி நாட்களில் சாரணனாக இருந்ததைத் தவிர எனக்கு வேறு பயிற்சி கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1:
ஐயா, சீருடையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பள்ளி சாராத படைகளையும் 'ஓப்பன் குரூப்' என்ற வகையில் பாரத சாரண சாரணியர் இயக்கம் பதிவு செய்துகொள்கிறது. மாவட்டச் செயலாளரை நேரில் பார்த்து, சாரண ஆசிரியர்களுக்கான அடிப்படைப் பயிற்சி முகாமுக்கு முதலில் உங்கள் பெயரைக் கொடுங்கள்.

38 பேரையும் ஒரே நாளில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் முதல் முகாமை நடத்தியபோது அவரிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ இருபது சிறுவர்களே. வசதியான பள்ளிகளில் படித்தவர்களையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் சென்று, நான்கு அணிகளாகப் பிரித்து, அணிக்கொரு தலைவனை வைத்தார். நீங்களும் இரண்டு அணிகளோடு தொடங்குங்கள். பள்ளிவாரியாகவோ தெருவாரியாகவோ மட்டும் பிரித்துவிடாதீர்கள், பிறகு அந்தப் பிரிவினையை அழிக்கவே முடியாது.

அணித் தலைவனுக்கு உண்மையான பொறுப்பைக் கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் படையில் ஒரு சிறுவன் கம்பில் கயிற்றைச் சுற்றிவிட்டு, நுனியை எங்கே செருகுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து போவதற்குள், பதின்மூன்று வயதான அவனுடைய அணித் தலைவன் "நான் பார்த்துக்கிறேன் சார்" என்று அருகில் உட்கார்ந்துவிட்டான். அரை மணி நேரம் பிடித்தது. மறுவாரம் அந்தச் சிறுவன் கண்ணை மூடிக்கொண்டு 'குளோவ் ஹிட்ச்' முடிச்சைப் போட்டுக் காட்டினான்.

மறுமொழி 2:
பெண் பிள்ளைகளுக்குச் சாரணியர் படை தனியாக அமைய வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு பெண் பொறுப்பேற்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை பெயர் கொடுத்த சிறுமிகளைக் காக்கவைப்பது மனத்துக்கு வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் அதில் அவசரப்படக் கூடாது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சாரணிய ஆசிரியையாக இருக்கும் அனுபவத்தில் சொல்கிறேன்: பிள்ளைகளின் தாய்மார்களிடமே கேட்டுப் பாருங்கள், வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முன்வருபவர் ஒருவராவது இருப்பார். சிறுவர் படையானாலும் சிறுமியர் படையானாலும் பெரியவர் இருவர் இல்லாமல் கூட்டம் நடத்தாதீர்கள். வெளியே அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பதினான்கு சிறுவர்களோடு இரண்டு அணிகளாகத் தொடங்குகிறேன். நன்கொடையாளரிடம் பேசினேன், முதலில் கயிறும் மூங்கில் கம்புகளும் முதலுதவிப் பெட்டியும் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டார். சிறுமிகளின் தாய்மார்களை இந்த ஞாயிற்றுக்கிழமை சந்திக்கிறேன்.