‘நடுநிலை மிதப்பு’ வேண்டாம், ‘இடைமிதப்பு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

சுழியோடிகளுக்கான, அதாவது கடலுக்குள் இறங்கி நீந்துபவர்களுக்கான, சொற்பட்டியலில் neutral buoyancy என்பதற்கு ‘நடுநிலை மிதப்பு’ என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். அதை மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். மிதப்புச் சட்டை (காற்றை அடைத்து மிதக்க உதவுவது), ஈயப்பட்டை (எடைக்காக இடுப்பில் கட்டுவது) இரண்டும் நல்ல சொற்கள், அப்படியே இருக்கட்டும்.

அந்த நிலை என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். ஆள் மேலே எழும்பவும் இல்லை, கீழே அமிழவும் இல்லை. கைகால் அசைக்காமல் நீருக்கு நடுவே நிற்கிறார். ஆனால் இது தானாக நிலைத்து நிற்காது. 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகிவிடும். சட்டையில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும், ரப்பர் உடைக்குள் இருக்கும் நுண்குமிழ்களும் நசுங்கும், உடம்பு இன்னும் வேகமாக இறங்கும். முதுகில் சுமக்கும் காற்று உருளையிலிருந்து கொஞ்சம் காற்றைச் சட்டைக்குள் விட வேண்டும். ஏறும்போது அதே காற்று விரியும். வெளியே விடாவிட்டால் ஆளை மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். மிச்சத்தை நுரையீரல் பார்த்துக்கொள்ளும்: மூச்சை இழுத்தால் சற்றுக் கழித்து மெல்ல எழும்புவார், விட்டால் தாழ்வார்.

இதில் கொஞ்சம் பிசகினாலும் அடி பவளத்துக்குத்தான். மான்கொம்புப் பவளத்தின் மேல் ஓர் அடி தாழ்ந்தால் போதும், காலில் மாட்டியிருக்கும் துடுப்பின் நுனி பட்டுக் கிளை முறிந்துவிடும். அது கொஞ்சம் வேகமாக வளர்கிற வகை. பாறைபோல் திரண்டு வளரும் பவளங்களோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். துடுப்பு கிளப்பும் மணலும் அவற்றின் மேல் படிந்து மூச்சை அடைக்கும். புதிதாக இறங்குபவர் கற்றுக்கொள்ள வேண்டிய திறமைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ‘நடுநிலை’ என்றால் பக்கம் சாராமை என்றுதான் மனத்தில் படுகிறது. நொடிக்கு நொடி பிடித்து வைக்கும் இந்த வேலை அதில் தெரியவே இல்லை.

இதற்கு மாற்றாக ஐயா ஒருவர் ‘நீரந்தரம்’ என்றார். அழகான சொல், அந்தரத்தில் நிற்பது கண்முன் வந்துவிடுகிறது. ஆனால் ஈழத்து வழக்கில் அந்தரம் என்றால் தவிப்பு, அவசரம். நீருக்கடியில் அமைதியாக நிற்கும் ஒருவரைத் தவிப்பில் இருப்பதாகச் சொல்லிவிடக் கூடாது. சுழியோடி என்ற சொல்லையே அங்கிருந்து எடுத்துக்கொண்டுவிட்டு, அவர்கள் வழக்கோடு மோதுகிற சொல்லை ஆக்குவது முறையும் அல்ல.

அதனால் ‘இடைமிதப்பு’. மேற்பரப்புக்கும் தரைக்கும் இடையே மிதப்பது, அவ்வளவுதான். ‘இடைமிதந்து நில்’ என்று பயிற்சியாளர் வாயில் வரும். உயிரியலுக்கும் உதவும்: பவளப்பாறை மீன்கள் பல வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையால் இடைமிதக்கின்றன, சுறாவுக்கு அந்தப் பை இல்லை. கல்லீரல் எண்ணெய் ஓரளவு தாங்கினாலும், பெரும்பாலான சுறாக்கள் நீந்துவதை நிறுத்தினால் தாழ்ந்துவிடும். இந்த வேறுபாட்டை ‘நடுநிலை மிதப்பு’ வைத்து ஒரே வரியில் எழுதிப் பாருங்கள், இழுக்கும்.

அப்புறம், இதற்கு எதிர்நிலை. மேலே எழும்புவதற்கு வெறும் ‘மிதப்பு’ போதும். கீழே இறங்குவதற்குச் சிலர் ‘மூழ்கல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தவிர்க்கலாம், மூழ்கினார் என்றால் ஆபத்து என்றுதான் பொருள் போகும். ‘அமிழ்வு’ என்று வைப்போமா?