பொருள்: மாதா கோயில் மாலைப் பள்ளிக்கு அனுப்பப்போகும் பணம்

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மாலைப் பள்ளிக்குக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று, வெளிநாடுகளில் வாழும் நம் ஊரார் சங்கத்தின் செயலாளர் அண்ணன் எழுதியதையும், "முதலில் கஜா புயலுக்குத் திரட்டிய பணத்தின் கணக்கைக் காட்டுங்கள்" என்று மெல்பர்ன் அத்தான் கேட்டதையும், அதற்குத் தோஹா மாமா மனம் வருந்தி எழுதியதையும் படித்தேன். அம்மாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்காகத் தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மூன்று மாலைப்பொழுதுகள் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன் என்பதால், கண்ணால் கண்டதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கோயிலின் தெற்குத் தாழ்வாரத்தில் சாக்கு விரித்துத்தான் பள்ளி நடக்கிறது. மாதா கோயில் பிள்ளைகள் மட்டுமல்ல, மாரியம்மன் கோயில் தெருப் பிள்ளைகளும் பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். சம்பா அறுப்புக்குப் போன தாய்மார் திரும்ப இருட்டிவிடும் ஆதலால், மூத்த பிள்ளைகள் தம்பி தங்கைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், மடியில் தூங்கிய தம்பியின் தலையை இடக்கையால் தாங்கிக்கொண்டு, வலக்கையால் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். விளக்கு முதுகுப்பக்கம் இருந்ததால் அவள் தலையின் நிழல் நோட்டின்மேல் விழுந்தது. நிழல் விலகும்படி நகர்ந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று அப்படியே எழுதினாள். ஏழு மணிக்குக் கொடுத்த சுண்டலில் பாதியைத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கி வந்துவிட்டது. மதிய உணவுக்கும் குறையில்லை. பள்ளி விட்ட பிறகு பெற்றோர் வீடு திரும்பும்வரை உள்ள நேரத்துக்குத்தான் பொறுப்பாளர் யாரும் இல்லை. குழுக் கடன் வசூலுக்கு ஆள் வரும் நாளில், அம்மா வீட்டில் இல்லை என்று சொல்வதற்காகவே பிள்ளையை வாசலில் உட்கார வைக்கிற குடும்பங்களும் உண்டு. அருட்சகோதரிகள் அந்த வீடுகளுக்கு நடந்து போய்ப் பேசிப் பிள்ளைகளை மறுபடி அழைத்து வருகிறார்கள்.

கவலைக்குரிய செய்தி என்னவென்றால், பாடம் சொல்லித்தரும் நம் ஊர்ப் பெண்கள் இருவருக்கும் நான்கு மாதமாக மதிப்பூதியம் வரவில்லை. அவர்கள் என்னிடம் குறை சொல்லவில்லை. நான் துருவிக் கேட்ட பிறகே தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், கட்டடம் இப்போது வேண்டாம். சங்கத்தின் பெயர் கல்வெட்டில் நிற்க வேண்டும் என்று தோஹா மாமா விரும்புவது எனக்குப் புரிகிறது. தேர் பழுதுபார்க்க அவர் முன்னின்று செய்ததை நான் மறக்கவில்லை. ஆனால் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மறைபணியாளர் சீகன்பால்கு மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார். அங்கே இன்று நாம் பார்க்கும் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது 1718-இல்தான். அது லுத்தரன் சபை வரலாறு என்று சிலர் சொல்லக்கூடும். நம் மண்ணின் வரலாறும் அதுவே.

கணக்கு விஷயத்தில் நான் அத்தான் பக்கம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது ஆளாளுக்குத் தனி மனிதர் கணக்கில் பணம் போட்டோம். நான் அனுப்பியதற்கு இன்றுவரை ரசீது இல்லை. இந்த முறை அந்த வழி கூடவே கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. என்னைப்போல் குடியுரிமை மாறியவர்களின் பணம், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்கான ஓ.சி.ஐ. (OCI) அட்டை கையில் இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடையே. அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத நம் பங்குக் கோயில் அதைத் தொடக்கூடாது. பதிவு பெற்ற அமைப்பாக இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு, புது தில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான் பணத்தைப் பெற வேண்டும். பெற்றதை வேறோர் அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. ஆகவே "மறைமாவட்டத்துக்கு அனுப்பி அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம்" என்ற யோசனையும் செல்லாது.

எனவே இந்தியக் குடியுரிமையுள்ள வளைகுடா, சிங்கப்பூர் உறவுகள் மாதந்தோறும் நேராகப் பங்குக் கோயில் கணக்குக்கு அனுப்பட்டும். அது இரு ஆசிரியைகளின் மதிப்பூதியத்துக்கும் விளக்குகளுக்கும் மட்டும் செல்லட்டும். குடியுரிமை மாறிய எங்கள் பணத்தை, பதிவு பெற்ற அமைப்பு ஒன்று நம் ஊரில் தானே நேரடியாக இந்தப் பணியை நடத்த முன்வந்தால் மட்டும் சேர்ப்போம். கனடாக்காரர் கொடுப்பது பெரிது, குவைத்துக்காரர் கொடுப்பது சிறிது என்ற பழைய பேச்சை இதில் யாரும் எடுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர் அண்ணன் பங்குத்தந்தையிடம் பேசி, மாசி முடிவதற்குள் பதில் எழுத வேண்டும். இளைய ஆசிரியை பங்குனியில் திருப்பூருக்கு வேலைக்குப் போவதாக முடிவெடுத்திருக்கிறார்.

அன்புடன்,
மேலத்தெரு தபால்காரர் வீட்டுப் பெண்,
டொரண்டோ