நேர்காணலில் முகவரி, குடும்பப் பெயர், திருமணம்: எவ்வளவு சொல்ல வேண்டும்?

தொண்ணூறடிச் சாலை:
வணக்கம். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பி.காம். முடித்து, சயானில் ஒரு தணிக்கையாளரிடம் இரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதியிருக்கிறேன். சென்ற வாரம் அந்தேரியில் ஒரு நிறுவனத்தில் நேர்காணல். ஜி.எஸ்.டி. பற்றி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 400017 என்ற அஞ்சல் குறியீட்டு எண்ணின்மேல் பேனாவை வைத்தபடி, "தாராவியா?" என்றார். அதன்பின் கணக்கைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. குடும்பப் பெயர் ஏன் இல்லை, திருமணம் எப்போது, அதற்குப் பிறகும் வேலைக்கு வருவீர்களா என்றே பேச்சு போயிற்று. மாதுங்காவில் இருக்கும் அத்தை வீட்டு முகவரியைக் கொடுக்கச் சொல்கிறார் அம்மா. கொடுக்கலாமா?

பழைய பெர்சனல் ஆபீசர்:
கொடுக்க வேண்டாம், அம்மா. வேலை உறுதியானதும் முகவரியைச் சரிபார்க்க ஆள் வீட்டுக்கே வருவார். பொய் என்று தெரிந்தால், அதையே காரணமாகக் காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். தன்விவரக் குறிப்பில் "மும்பை" என்று மட்டும் எழுதுங்கள், போதும். முழு முகவரி பணி நியமனத்தின்போது தேவைப்படுவது. அதை முன்னரே கேட்பது பெரும்பாலும் கழித்துக்கட்டத்தான். ஒப்புக்கொள்கிறேன், அந்தக் காலத்தில் நானும் தாராவி விண்ணப்பங்களின் ஓரத்தில் "மழைக்காலத்தில் வருவாரா?" என்று எழுதியிருக்கிறேன். ஒரு பக்கம் மாஹிம், மறுபக்கம் சயான் என இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே இருப்பவரிடம் இதைக் கேட்ட நான், வெகு தொலைவில் உள்ள விராரிலிருந்து வந்தவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

வழக்கறிஞர், போர்ட்:
திருமணக் கேள்விக்கு ஒரு முன்வரலாறு உண்டு. எல்.ஐ.சி.யில் சேர்ந்த நீரா மாத்தூர் என்பவரிடம், கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, கருவுற்ற விவரம் ஆகியவற்றையெல்லாம் உறுதிமொழிப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். அவர் பேறுகால விடுப்பு எடுத்தபின், தகவலை மறைத்தார் என்று தகுதிகாண் காலத்திலேயே நீக்கினார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்னதோடு, அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்கிவிடுவது நல்லது என்றும் கூறியது. ஆனால் எல்.ஐ.சி. அரசு நிறுவனம், அரசுப் பணியில் சமவாய்ப்பைப் பற்றிய அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு தனியார் முதலாளியை அப்படி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. தனியாருக்கும் பொருந்துவது, பெண் என்பதற்காக வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் கொண்டுவந்த தடை. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. முகவரியைப் பார்த்து ஒதுக்குவதற்கு இப்படி நேரடியான தடை ஏதும் இல்லை. ஆகவே நேர்காணல் முடிந்த அன்றே, கேட்கப்பட்டவற்றைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். பின்னால் எழுத்துச் சான்று அது ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலெழுத்து மட்டும்:
குடும்பப் பெயர் கேள்வியை யாரும் தொடவில்லையே! தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் இருக்குமாறு, 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து, சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவு. முஸ்லிம் பெயர்களுக்கு இன்னும் குறைவு. நம் முதலெழுத்திலிருந்து சாதி தெரிவதில்லை, அதனால்தான் வாய்விட்டுக் கேட்கிறார்கள். "தந்தையின் பெயர்தான் முதலெழுத்து" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து ஊரைக் கேட்பார்கள், மாவட்டத்தோடு நில்லுங்கள்.

தொண்ணூறடிச் சாலை:
அனைவருக்கும் நன்றி. "மும்பை" என்று மாற்றிவிட்டேன், மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். அம்மாதான் இன்னும் அத்தையிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.