அமெரிக்காவில் எம்பிபி: வெளிநாட்டு மாணவர்கள் தடுமாறும் இடங்கள் பற்றிய அனுபவப் பகிர்வு

இரண்டாம் ஆண்டு மாணவி:

பொதுக்கொள்கை முதுகலைக்கு (எம்பிபி) வரும் வெளிநாட்டு மாணவர்கள் கணக்கில்தான் திணறுவார்கள் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பேராசிரியர் விளக்காமல் தாண்டிப் போகிற இடங்களில்தான் சிக்கல். அமெரிக்க அரசு எப்படி இயங்குகிறது என்பது எல்லோருக்கும் பள்ளி நாளிலிருந்தே தெரியும் என்ற நினைப்பில்தான் பாடம் நகரும்.

பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு முதல் ஆண்டிலேயே வந்துவிடும். நியூ ஜெர்சி 1992 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரு பக்கத்துத் துரித உணவகங்களிலும் வேலையாட்களின் எண்ணிக்கை எப்படி மாறியது என்பதுதான் ஒப்பீடு. அதிலுள்ள கழித்தல் யாருக்கும் புரிந்துவிடும். ஆனால் ஃபெடரல் (மத்திய அரசின்) சட்டம் வைப்பது அடிமட்ட ஊதியம் மட்டுமே, அதற்கு மேல் மாநிலம் தானே உயர்த்திக்கொள்ளலாம் என்பது தெரியாவிட்டால், இந்த இரண்டு மாநிலங்கள் ஏன் ஒப்பீட்டுக்கு வாகாக அமைந்தன என்பது பிடிபடாது. தேர்வில் கேட்பதோ, இந்த ஒப்பீடு எங்கே பலவீனமானது என்று. நியூ ஜெர்சி சட்டமன்றம் இந்த உயர்வை 1990லேயே நிறைவேற்றிவிட்டது. உணவக முதலாளிகளுக்கு இரண்டு ஆண்டு முன்னறிவிப்பு இருந்தது. அவர்கள் முன்கூட்டியே ஆட்களைக் குறைத்திருக்கவும் கூடும். சட்டம் வரும் வழி தெரிந்தவருக்குத்தான் இந்தப் பதில் தோன்றும்.

அதனால் வகுப்பு தொடங்கும் முன் கால்குலஸைத் தூசி தட்டுவதோடு, இவற்றையும் படித்துவிடுங்கள். மெடிகேர் முக்கியமாக 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான ஃபெடரல் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். மெடிகெய்ட் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு. அதன் செலவை ஃபெடரல் அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் 1965இல் வந்தவை, பெயரும் ஒன்றுபோல ஒலிக்கும், வீட்டுப்பாடங்களில் ஓயாமல் குழம்பும். ஃபெடரல் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது, பெரும்பாலான மாநிலங்களுக்கு ஜூலை 1. இரண்டு பட்ஜெட்டையும் ஒரே அட்டவணையில் வைத்தால் மூன்று மாதம் இடறும். சோஷியல் செக்யூரிட்டி (முக்கியமாக ஓய்வூதியத் திட்டம்), மெடிகேர் போன்றவற்றுக்குச் சட்டப்படி தானாகப் பணம் போகும். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஆண்டுதோறும் ஒதுக்குவது வேறு கணக்கு. இந்தப் பிரிவு தெரியாமல் “அடுத்த பட்ஜெட்டில் இதைக் குறைக்கலாம்” என்று எழுதினால் மொத்த வாதமும் சரிந்துவிடும்.

எழுத்துப் பயிற்றுநர்:

மேலே சொன்னது மெமோவிலும் (முடிவெடுப்பவருக்கு எழுதும் சுருக்கக் குறிப்பு) அப்படியே திரும்பும். டெக்சாஸில் ஒரு நகர மேயருக்கு இரண்டு பக்க மெமோ எழுதச் சொன்னால், தனியார் நிறுவனங்களுக்கான குறைந்தபட்ச ஊதியத்தை நகரம் உயர்த்த வேண்டும் என்று எழுதித் தருவார்கள். தரவு, ஆதாரம், நடை எல்லாம் அருமையாக இருக்கும். ஆனால் அந்த அதிகாரம் நகரத்துக்கு இல்லை. மாநிலச் சட்டம் தடுக்கிறது. தன் கையில் இல்லாத ஒன்றைச் செய்யச் சொல்லும் மெமோவை எந்த மேயரும் இரண்டாம் முறை எடுத்துப் பார்க்கமாட்டார். ஆகவே முதல் வரி எழுதும் முன்பே, பெறுநர் எதில் கையெழுத்துப் போட முடியும் என்று பாருங்கள். நகர சாசனம், மாநிலச் சட்டம் இரண்டையும் திறந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்த தவறு வரிசையில். பின்னணி ஒன்றரைப் பக்கம், பரிந்துரை கடைசிப் பத்தியில். கட்டுரைக்கு அது சரி, மெமோவுக்குச் சரியில்லை. முதல் பத்தியிலேயே என்ன செய்ய வேண்டும், எவ்வளவு செலவு, எப்போதைக்குள் என்று மூன்றும் வந்துவிட வேண்டும். மாற்று வழிகள் மூன்று போதும், அவற்றில் ‘இப்படியே விட்டுவிடுவது’ என்பதும் ஒன்று. தோற்பதற்கென்றே இரண்டு வழிகளை நிறுத்தி வைப்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

சிக்கலை வரையறுக்கும்போது தீர்வை உள்ளே நுழைக்காதீர்கள். ‘பேருந்துகள் போதவில்லை’ என்று தொடங்கினால் பேருந்து வாங்குவதைத் தவிர வேறு விடை வராது. ‘இரவுப் பணி முடிந்தவர்கள் வீடு சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறது’ என்று எழுதினால் நேர மாற்றம், சிற்றுந்து, பணி நேரத்தை நகர்த்துவது எல்லாமே மேசைக்கு வரும்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும்: இலக்கணப் பிழைக்காக வெளிநாட்டு மாணவர்கள் படும் வெட்கம் அளவுக்கு மீறியது. மதிப்பெண் குறைவது எழுத்தின் அமைப்புக் கோளாறால்.

உள்ளகப் பயிற்சி முடித்தவர்:

முதல் கோடை விடுமுறையின் இன்டர்ன்ஷிப்தான் படிப்பின் திருப்பம், அதில் நாள்கணக்கு தவறினால் திருத்த வழியில்லை. எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே பயிற்சி வேலை செய்ய சிபிடி (படிப்பின் பகுதியான பயிற்சி வேலைக்கான) அனுமதி வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பிறகே கிடைக்கும். ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கோடையே இல்லாமல் போகிறது; சேரும் முன் இதை யோசிப்பவர்கள் குறைவு.

முதலில் பயிற்சி தருபவரிடமிருந்து கடிதம் வாங்க வேண்டும். அதில் முகவரி, தொடங்கும் நாள், முடியும் நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று தெளிவாக இருக்க வேண்டும். பிறகு துறையின் ஒப்புதல், அதன்பின் சர்வதேச மாணவர் அலுவலகம். புதிய ஐ-20இன் (பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்று) இரண்டாம் பக்கத்தில் அனுமதி அச்சாகி வந்த பிறகே, அதுவும் அதில் குறித்த நாளிலிருந்தே, வேலையைத் தொடங்கலாம். “சம்பளம் இல்லைதானே, ஒரு வாரம் முன்னாடியே வாங்க” என்று நல்ல மனதோடு கூப்பிடுவார்கள். போகாதீர்கள். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் அதே நிலைப் படிப்புக்கான ஓபிடி (படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த வேலை செய்யும் அனுமதி) பறிபோகும். 10 அல்லது 12 வாரக் கோடைப் பயிற்சியால் அதற்கு ஆபத்தில்லை.

எங்கே விண்ணப்பிப்பது என்பதிலும் காலம் வீணாகிறது. ஃபெடரல் அரசின் நேரடி வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கு மட்டும். 1976இல் வந்த 11935ஆம் நிர்வாக ஆணை அப்படி வைத்திருக்கிறது. வகுப்புத் தோழர்களைப் பார்த்து அங்கே விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்காமல் மாநில, நகர அலுவலகங்கள், ஆய்வு நிறுவனங்கள், உலக வங்கி போன்றவற்றைத் தேடுங்கள். லாப நோக்கற்ற ஆய்வு அமைப்புகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் எச்-1பி (வேலை விசா) வருடாந்திர வரம்பு பொருந்தாது, குலுக்கலும் இல்லை. நேர்காணலின் முடிவில் இந்த விலக்கு அவர்களுக்கு உண்டா என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

ஓபிடிக்கு இவ்வளவு: படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாளுக்குள் விண்ணப்பம் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். சர்வதேச மாணவர் அலுவலகம் பரிந்துரையைப் பதிவு செய்த 30 நாளுக்குள்ளும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது கெடுவில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். வேலையில்லாத நாள் மொத்தம் 90ஐத் தாண்டக்கூடாது. துறை சார்ந்த, சட்டப்படி செல்லும் சம்பளமில்லாத தன்னார்வப் பணியும் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் வேலையாகக் கணக்காகும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு படிக்கும் முன் அலுவலகத்தில் ஒருமுறை கேளுங்கள்.

சேர்க்கைக் கடிதம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஐ-20இல் படிப்பின் சிப் குறியீடு (பாடத்துறை எண்) இருக்கும். அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் ஓபிடி 12 மாதத்தோடு மேலும் 24 மாதம் நீளும். நீங்கள் எத்தனை புள்ளியியல் பாடம் எடுத்தாலும் குறியீடு மாறாது. கிட்டத்தட்ட ஒரே பாடத்திட்டமுள்ள இரண்டு படிப்புகள் இதில் மட்டும் வேறுபடலாம். பணம் கட்டும் முன் பாருங்கள்.

புள்ளியியல் பாட உதவியாளர்:

கேப்ஸ்டோன் (படிப்பின் இறுதி) திட்டத்துக்குத் தரவு தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சென்சஸ் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) அமைப்பின் மூடிய தரவை ஆய்வு மையங்களில் பயன்படுத்த, கடந்த 5 ஆண்டுகளில் குறைந்தது 3 ஆண்டுகள் அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும். புதிதாக வந்த முதுகலை மாணவருக்கு அந்தக் கதவு திறக்காது. இது டிசம்பரில் தெரிந்தால் மே மாதத்துக்குள் திட்டம் முடியாது. பொதுவில் கிடைக்கும் ஏசிஎஸ் மைக்ரோ தரவை (சென்சஸ் அமைப்பின் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆளுக்காள் பதிவு) வைத்துத் தொடக்கத்திலேயே கேள்வியை அமையுங்கள். அதில் கிடைக்கும் மிகச் சிறிய நிலப்பகுதி குறைந்தது ஒரு லட்சம் பேர் கொண்டது. ஒரு தெருவையோ ஒரு சிறு ஊரையோ பற்றிய கேள்விக்கு அது உதவாது; அப்படியானால் நகர அலுவலகத்திடமே தரவு கேட்டு, ஒப்பந்தக் கையெழுத்துக்கு ஆறு வாரமாவது ஒதுக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு மாணவி:

வகுப்பில் பேசத் தயங்குபவர்களுக்கு: “எங்கள் நாட்டில்” என்று தொடங்கினால் பேச்சு நல்லெண்ணத் தலையசைப்போடு நின்றுவிடும். திட்டத்தை எந்த மட்டத்து அரசு நடத்துகிறது, தலைக்கு என்ன செலவு, விளைவை எப்படி அளந்தார்கள் என்று மூன்று வாக்கியம் எழுதிக்கொண்டு போங்கள். எதிரில் இருப்பவர் உடனே தன் மாநிலத்தோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்பார். மற்றவர்களிடம் இல்லாத அறிவு அது, தயக்கத்தில் முடங்க விடாதீர்கள்.

உள்ளகப் பயிற்சி முடித்தவர்:

வரி விஷயத்தை விட்டுவிட்டேன். ஒரு டாலர் கூட வருமானம் இல்லாவிட்டாலும் வரித்துறைக்கு 8843 படிவம் அனுப்ப வேண்டும். சம்பளம் வாங்கினால் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் 7.65 சதவீதம் இருக்கிறதா பாருங்கள். எஃப்-1இல் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குப் பொதுவாக அது கிடையாது. தவறிப் பிடித்திருந்தால் முதலில் சம்பளப் பிரிவிடம் திருப்பிக் கேளுங்கள். அவர்கள் தராவிட்டால் 843 படிவத்தோடு 8316ஐயும் சேர்த்து வரித்துறைக்கு அனுப்பலாம்.