கல்லீரல் செல்: கால்சியம் அலை பக்கத்து செல்லுக்குப் போகவில்லை, அவசரம்!

மன்னார்குடி_மாணவி:
எம்.எஸ்சி. புராஜெக்ட். கால்சியம் கூடினால் ஒளிரும் ஃப்ளுவோ-4 சாயத்தைக் கல்லீரல் செல்களில் ஏற்றி, வாசோப்ரெசின் ஹார்மோன் விட்டேன். ஒரு செல் பளிச்சென்று ஒளிர்கிறது, ஒட்டியிருக்கும் செல் அசையவே இல்லை. திங்கட்கிழமை கைடிடம் படம் காட்ட வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

வெண்ணாறு:
எலி செல்லா, ஹெப்ஜி2 என்ற மனிதக் கல்லீரல் புற்றுச் செல்லா? பிரித்து எவ்வளவு நேரம்? வாசோப்ரெசின் எவ்வளவு? எதுவும் சொல்லாவிட்டால் ஜோசியமா பார்ப்பது?

பாபநாசம்_பயோ:
லேசரைக் குறையுங்கள். பாதிப் பேர் சாயத்தை வெளுக்கவிட்டு செல்லைத் திட்டுகிறார்கள்.

மன்னார்குடி_மாணவி:
எலி. கொலாஜினேஸ் நொதி போட்டு நேற்று காலை பிரித்தது. 100 நானோமோலார்.

லென்ஸ்_தாத்தா:
நேற்றா! அடிப்படையே தெரியாமல் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கல்லீரல் செல்களை இணைக்கும் நுண்வழியான கேப் ஜங்ஷன் கனெக்ஸின் 32, 26 புரதங்களால் ஆனது. தட்டில் நேரமாக ஆக அது குறைந்துகொண்டே போகும். ஒட்டிக் கிடந்தால் மட்டும் போதாதம்மா.

பாபநாசம்_பயோ:
கேப் ஜங்ஷனே வேண்டாம், செல்லிலிருந்து வெளியே கசியும் ஏடிபி மூலக்கூறு பக்கத்து செல்லைத் தட்டலாம். அபைரேஸ் நொதி போட்டுப் பாருங்கள்.

வெண்ணாறு:
அபைரேஸ் ஏடிபியை அழிக்கும். அலையே வராத இடத்தில் அது எதற்கு சார்?

கடைமடை:
சும்மா படிக்க வந்தவன். கால்சியம் மடை திறந்ததுபோல வயலுக்கு வயல் பாயும் என்றல்லவா நினைத்தேன்?

லென்ஸ்_தாத்தா:
இல்லை. கால்சியத்தைச் செல்லுக்குள் புரதங்கள் பிடித்துக்கொள்ளும், வெகுதூரம் போகாது. கேப் ஜங்ஷன் வழியாக முக்கியமாகப் போவது ஐபி3 என்ற தூது மூலக்கூறு. பக்கத்து வயல்காரரிடம் ‘மோட்டாரைப் போடு’ என்று ஆள் அனுப்புகிற மாதிரி. தண்ணீர் அவரவர் போரில்தான், அதாவது அவரவர் எண்டோபிளாச வலை என்ற கால்சியக் கிடங்கில்.

கடைமடை:
வேதாரண்யம் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் ஐயா. ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் எங்களுக்கு எப்போது வந்து சேர்வது?

பாபநாசம்_பயோ:
முறை வைத்து விட்டால் வரும். எல்லாப் பழியும் மேல்மடைக்காரன் தலையிலா?

கடைமடை:
வாய்க்காலைத் தூர் வாராமல் முறை எங்கிருந்து வரும்?

நெறியாளர்:
தண்ணீர்ச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

வெண்ணாறு:
தங்கச்சி, மருந்தைத் தட்டு முழுக்க விட்டீர்களா?

மன்னார்குடி_மாணவி:
இல்லை அண்ணா, நுண்பிப்பெட்டால் ஒரு செல்லின் மேல் மட்டும். பரவுகிறதா என்று பார்க்கத்தானே?

வெண்ணாறு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! 1997-98இல் எலி செல்களில் பார்த்தது இதுதான்: அலை ஒழுங்காகப் பரவ, ஒவ்வொரு செல்லின் ஏற்பியிலும் கொஞ்சம் ஹார்மோன் இருக்க வேண்டும். ஏற்பி அதிகமுள்ள செல் முந்தும், மற்றவை வரிசையாகத் தொடரும். முழுக் கல்லீரலிலும் வாசோப்ரெசின் அலை மையச் சிரைப் பக்கம் கிளம்பி, ரத்தம் உள்ளே நுழையும் போர்ட்டல் பக்கம் போகும்.
புதிதாகப் பிரித்த அன்றே செய்யுங்கள். இரண்டு மூன்றாகப் பிரியாமல் வந்த செல்களைத் தேடுங்கள், நடுவில் பித்த நுண்குழாய் பளபளவென்று கோடாகத் தெரியும். அப்புறம், 100 மிக அதிகம். 1 நானோமோலாருக்கும் கீழே தட்டு முழுக்க விடுங்கள். அதிகம் போனால் ஏற்ற இறக்கமே வராது, ஏறி அப்படியே நின்றுவிடும்.

லென்ஸ்_தாத்தா:
ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்தால் மட்டும் அலை என்று எழுதிவிடாதே. அதிமதுரத்திலிருந்து வரும் கிளிசிரெட்டினிக் அமிலத்தின் 18-ஆல்பா வகையால் கேப் ஜங்ஷனை அடைத்துப் பார். செல்கள் அவரவர் தாளத்தில் துடித்தால்தான் நம்புவேன்.

மன்னார்குடி_மாணவி:
ஜோடி செல்லில் வந்துவிட்டது!! மூன்றாவது செல் இன்னும் மக்கர். நன்றி அண்ணா.

லென்ஸ்_தாத்தா:
அடைத்துப் பார்த்தாயா?

லென்ஸ்_தாத்தா:
ஹலோ?