யூட்டர்பி இரும்புக் கப்பல் 1865 இல் திருகோணமலைக்குச் சென்றது ஏன்?

கடலூர் முதுநகர் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். மான் தீவின் ராம்சே நகரில் 1863 இல் கட்டப்பட்டு, இன்று ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்ற பெயரில் அமெரிக்காவின் சான் டியேகோவில் நிற்கும் இரும்புப் பாய்மரக் கப்பலின் வரலாற்றைப் படித்து வருகிறேன். ‘யூட்டர்பி’ என்ற முதற்பெயருடன் இந்திய வணிகத்தில் ஓடிய காலத்தில், 1865 இல், சென்னைக்கு அப்பால் வங்கக்கடலில் புயலில் சிக்கியதால் பாய்மரங்களை வெட்டிவிட நேர்ந்தது. பின்னர் அது திருகோணமலைக்கும் கல்கத்தாவுக்கும் சென்று பழுதுபார்க்கப்பட்டது. சென்னை, புதுச்சேரி, கடலூர் ஆகியவை இருக்க, அது திருகோணமலையை நாடியது ஏன்? மரங்களை இழந்தும் மூழ்காமல் தப்பியது எவ்வாறு?

புதுவைக் கடற்கரையான்:
வணக்கம் ஐயா. நம் கரையின் இயல்பிலேயே இதற்கு விடை இருக்கிறது என்பது என் கருத்து. அக்காலத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் பெரிய கப்பல்கள் கரையை அணையவில்லை; திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலா படகுகளே அலைகளைக் கடந்து சரக்கையும் ஆட்களையும் கொண்டு சென்றன. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களுக்கான வேலையே 1870களின் நடுவில்தான் தொடங்கியது. புயல் நெருங்கினால் நங்கூரத்தை விட்டு ஆழ்கடலுக்குச் சென்றுவிடுவதே கப்பல்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. கடலூரில் கெடிலமும் உப்பனாறும் சேரும் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருந்ததால், தோணிகள் நுழையலாமே தவிர யூட்டர்பி போன்ற கப்பல் நுழைய இயலாது. மரமிழந்த கப்பலைக் கரையருகே கொண்டுவந்தால், காற்று அதைத் தரைதட்ட வைத்துவிடும். திருகோணமலையோ, குன்றுகள் சூழ்ந்த ஆழமான இயற்கைத் துறைமுகம். எந்தக் காற்றிலும் அடைக்கலம் தரக்கூடியது. இதில் எனக்கு வருத்தம் தரும் செய்தி ஒன்றுண்டு: கப்பலைக் கரைசேர்த்த தலைவர் ஸ்டோரி, இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் இறந்து, கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தேவனாம்பட்டினம் வாசகர்:
இரண்டாம் கேள்விக்கு என்னால் இயன்ற விளக்கம். புயற்காற்று உயர்ந்த மரங்களைத் தள்ளும்போது கப்பல் ஒருபுறம் சாய்ந்து நிமிர முடியாமல் கிடக்கும்; மரங்களை வெட்டிக் கயிறுகளை அறுத்துவிட்டால் மேற்சுமை நீங்கி உடல் நிமிரும். அதன்பின் உடல் நீர்புகாமல் தாங்க வேண்டும். மரக்கப்பலில் அலையின் முறுக்கலால் பலகை இணைப்புகள் விலகி நீர் கசியும். தறையாணியால் (ரிவெட்) இணைத்த இரும்புத் தகடுகள் அத்தகைய முறுக்கலை நன்கு தாங்கும். ஆயினும் இரும்புக்கு ஒரு குறை உண்டு: மரக்கப்பலின் அடியில் அடிப்பதுபோல் செப்புத் தகட்டை நேரடியாக அடித்தால், உப்புநீரில் இரும்பு அரிக்கப்பட்டுவிடும். அதனால் நம் வெப்பக்கடலில் அடிப்பகுதியில் கொட்டலசும் (ஒட்டி வளரும் ஓடுடைய சிற்றுயிர்) பாசியும் படிந்து வேகம் குறைந்தது.

முதுநகர் வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கப்பலின் பிற்கால வரலாற்றை யாரேனும் சுருக்கமாகக் கூற இயலுமா?

புதுவைக் கடற்கரையான்:
1871 இல் கைமாறி, கால் நூற்றாண்டு நியூசிலாந்துக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்றது. அச்சேவையில் 21 முறை உலகைச் சுற்றியது. 1901 முதல் அலாஸ்கா சால்மன் மீன் தொழிலுக்குப் பயன்பட்டு, 1906 இல் இப்போதைய பெயரைப் பெற்றது. 1923 இல் ஓய்வுபெற்றபின் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதைச் சீரமைக்கப் பாடுபட்டவர்களின் உழைப்பால் 1976 இல் மீண்டும் பாய் விரித்துக் கடலில் ஓடியது.